பத்தொன்பது சரணங்களும் செவரினின் வயலும்

1903 மே மாதத்துக்கும் 1931 மே மாதத்துக்கும் நடுவில் லிங்ஹோல்ம் தீவு நானூற்றுப் பதினெட்டு ஏக்கர் பெருத்தது. கூட்டுறவுப் பால் பண்ணையில் பாலின் கொழுப்பைச் சோதித்துக்கொண்டிருந்த பெத்ரேயா தோஃப்ட் எழுதிய கவிதைகள்தான் அதற்குக் காரணம். கோபன்ஹேகனிலிருந்து வந்த நில அளவையாளர் சங்கிலியும் முக்காலியுமாக இரண்டு கோடை தங்கி வேறு காரணம் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. நாங்கள் தேடவே இல்லை. அதற்கு முன்பெல்லாம் மேற்குக் கரையில் கடல் வருஷத்துக்கு நாலு முழம் தின்றுகொண்டிருந்தது. இரண்டு தேவாலயங்களைத் தின்றிருந்தது. மூன்றாவது தேவாலயம் மேட்டு விளிம்பிலிருந்து எண்பது முழத்தில் நின்றது. எண்பதை நாலால் வகுக்கத் தெரியாதவர்கள் எங்கள் தீவில் யாரும் இல்லை.

முதல் பாட்டு லௌரிட்ஸ் கோக்கின் அப்பா அம்மாவின் வெள்ளிவிழாவுக்கு எழுதியது. எங்கள் பக்கத்தில் விருந்து என்றால் பாட்டு இருந்தாக வேண்டும். தெரிந்த மெட்டில் புதிதாக எழுதி, அச்சடித்து, சுருட்டி, தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். யாருக்காக எழுதியதோ அவருடைய கஞ்சத்தனம், குறட்டை, எந்தப் பசு எந்த வருஷம் அவரை உதைத்தது என்பதெல்லாம் அதில் வர வேண்டும். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தே பாடுவார்கள், அவர் காது சிவக்க உட்கார்ந்திருப்பார், கடைசியில் ஒன்பது முறை ஹுர்ரா. பெத்ரேயாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கோக் வீட்டு வாசலில் ஊசியிலைக் கொப்புகளால் வளைவு கட்டியிருந்தார்கள், பன்றி வறுவலும் சிவப்பு முட்டைக்கோஸும் காலியான பிறகு அவளுடைய பன்னிரண்டு சரணங்களையும் பாடினார்கள். மறுநாள் காலையில் லௌரிட்ஸ் பசுக்களை ஓட்டிக்கொண்டு போனபோது மேற்குக் கரை ஏழு முழம் தள்ளிப் போயிருந்தது. புது நிலத்தில் புல்லும் இருந்தது. வைக்கோல் கவையின் காம்பை வைத்து இரண்டு தடவை அளந்துவிட்டு, பசுக்களை அதில் மேயவிட்டு, மத்தியானம் சாப்பிடும்போதுதான் வீட்டில் சொன்னார்.

வாய்விட்டுப் பாடினால், அல்லது உரக்க வாசித்தால்தான் நிலம் வரும் என்பதை அடுத்த சில விருந்துகளில் தெரிந்துகொண்டோம். காகிதத்தில் இருக்கும்வரை கடல் எதையும் கண்டுகொள்ளாது. செத்துப்போனவர்கள் எழுதிய துதிப்பாடல்களையும் கண்டுகொள்ளாது, அவற்றை ஞாயிறுதோறும் பயமில்லாமல் பாடலாம். நல்ல சரணம் கெட்டி மணலும் புல்லுமாக வரும். அரைமனதோடு எழுதிய சரணம் சேறாக வரும். அதனால் அதுவரை பன்றி விலையைத் தவிர வேறு எதையும் வாசிக்காத எங்கள் ஆட்கள் நாலைந்து வருஷத்துக்குள் நாட்டிலேயே கறாரான விமர்சகர்கள் ஆகிவிட்டார்கள். காலால் வாசிப்பவனை ஏமாற்ற முடியாது.

"மூணாவது சரணத்துல என்ன அவசரம் உனக்கு? என் பசு முழங்கால் வரைக்கும் இறங்கிடுச்சு," என்று லௌரிட்ஸ் பால் பண்ணை வாசலிலேயே கேட்பார்.

"அன்னைக்கு எனக்குப் பல்வலி."

"பசுவுக்கு அது தெரியுமா?"

அவள் பாலேட்டு ரசீதுகளின் பின்பக்கத்தில் அந்தச் சரணத்தைத் திருத்தி எழுதி, சாயங்காலம் கரையில் நின்று ஒருமுறை உரக்கப் படிப்பாள். மறுநாள் அந்த இடம் கெட்டியாகிவிடும். லௌரிட்ஸ் போய் மிதித்துப் பார்த்துவிட்டு, "மோசம்னு சொல்ல முடியாது," என்பார். எங்கள் தீவில் அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. கல்யாணத்தின்போது மாப்பிள்ளை பெண்ணைப் பற்றிச் சொல்வதும் அதுதான், சாவு வீட்டில் போதகர் செத்தவரைப் பற்றிச் சொல்வதும் அதுதான். மனசுக்குள் எங்களுக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்பதை அவளிடம் யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை, நாங்கள்தான் அளந்தோமே!

1908-இல் அவளுடைய முதல் புத்தகம் கோபன்ஹேகனில் அச்சாயிற்று. அதை அவள் தபாலில் அனுப்புவதற்கு முன்பு அடுப்படியில் உட்கார்ந்து பிழை பார்க்கும்போது உரக்கப் படித்தாள். ஒரே வாரத்தில் தேவாலயத்துக்கும் கடலுக்கும் நடுவில் நாற்பது பசு மேயும் புல்வெளி வந்து படுத்துக்கொண்டது. தலைநகரப் பத்திரிகை ஒன்று அவளைப் பற்றி அரைப் பக்கம் எழுதியது. கவிதைகள் மண் வாசனை உடையவை என்று கண்டுபிடித்திருந்தார்கள், அதை நாங்கள் ஏற்கெனவே உழுதிருந்தோம். இரண்டாவது புத்தகத்துக்குப் பரிசு கொடுத்தார்கள். 1913 குளிர்காலத்தில் அவளை வரவழைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிய கூடத்தில் வாசிக்கச் சொன்னார்கள். அங்கே எல்லோரும் அவளை நேருக்கு நேர் மெச்சினார்கள், அபாரம், அற்புதம் என்று மூச்சுக்கு மூச்சு. அவளுக்கு அது பிடித்திருந்தது. மூன்று மாதம் தங்கி ஒன்பது கவிதை எழுதினாள். ஒவ்வொரு வாசிப்புக்கும் அவள் குடியிருந்த தெருவுக்கு எதிரே இருந்த கால்வாய் இரண்டு முழம் குறுகியது. ஆப்பிள் ஏற்றிவந்த ஒரு கப்பல் நடுவில் சிக்கிக்கொண்டது. துறைமுகத்திலிருந்து ஒரு கனவான் தொப்பியைக் கழற்றி, அம்மையார் ஊர் திரும்புவது உசிதம், இல்லையென்றால் உரைநடை எழுதலாம் என்று மரியாதையாகச் சொன்னார். அவள் திரும்பி வந்தாள். கரையில் இறக்கிவிட்டபோது, அந்தக் காலத்திலேயே பயணிகள் படகை ஓட்டிக்கொண்டிருந்த நான் அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "வந்துட்டியா," என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். இன்றைக்கு நினைத்தால் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இதற்கிடையில் ஒரு சட்டமும் வந்திருந்தது. 1909-இல் பள்ளிக்கூட வாத்தியார் ஹோல்கர், தானும் எழுதலாமே என்று நினைத்து, நடுக்கோடை இரவில் கரையில் தீ மூட்டும் விழாவுக்கு ஐந்து சரணம் எழுதிப் பாடவைத்தார். நெருப்பை நெருப்பென்றும் கடலைக் கடலென்றும் சொல்வதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. பாடி முடிப்பதற்குள் வடக்குக் கரையில் கடல் இருபத்து மூன்று முழம் தின்றுவிட்டது. குளியல் குடில் துண்டுகளோடும், உள்ளே காயப்போட்டிருந்த வாத்தியாரின் மனைவியின் காலுறைகளோடும் போயிற்று. நல்ல கவிதைக்கு மேற்கே நிலம் வரும், கெட்ட கவிதைக்கு வடக்கே போகும் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த வாரமே ஊர்ச்சபை கூடி, பெத்ரேயா தோஃப்டைத் தவிர லிங்ஹோல்மில் வேறு யாரும் பாட்டுக் கட்டக் கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. ஹோல்கரும் கையைத் தூக்கினார். வடக்கே இப்போது கடலுக்கு மிக அருகில் இருந்தது செவரின் ப்ராஸ்க்கின் உருளைக்கிழங்கு வயல். தீவின் முதல் கிழங்கு அங்கேதான் விளையும், ஜூன் தொடக்கத்திலேயே தோண்டுவார். அவர் தன் வேலியிலிருந்து கடலுக்கு எத்தனை முழம் என்று வாரம் ஒருமுறை அளப்பார், யாராவது பாட்டை முணுமுணுத்தால் முறைப்பார்.

இருபத்தெட்டு வருஷத்தில் பெத்ரேயா எங்களுக்கு நானூற்றுக்கும் மேலே பாட்டு எழுதித் தந்தாள். ஞானஸ்நானம், திருமணம், வெள்ளிவிழா, அறுபதாம் பிறந்தநாள் என்று ஒன்று விடவில்லை. ஒரு வீடு பாக்கியில்லை. அவளுடைய பிறந்தநாளுக்கு மட்டும் பாட்டு கிடையாது, காபியும் அடுக்குக் கேக்கும் இருக்கும், கொடி ஏற்றுவோம், பிறகு எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். முப்பதிலும் அப்படித்தான், நாற்பதிலும் அப்படித்தான். 1931 பிப்ரவரியில் ஒருநாள் பால் பண்ணையில் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டே லௌரிட்ஸிடம் சொன்னாள். அவர் அப்போது ஊர்ச்சபைத் தலைவர்.

"வர்ற மே பதினாலாம் தேதி எனக்கு அம்பது முடியுது."

"தெரியும். கொடியெல்லாம் ஏத்தச் சொல்லியிருக்கேன்."

"கொடி வேண்டாம். கோபன்ஹேகன்ல எழுத்தாளர் சங்கத்துல மறுநாள் விருந்து வைக்கிறாங்களாம், பாட்டெல்லாம் எழுதிட்டாங்களாம். இருக்கறதுக்கு ரெண்டு அறையும் தர்றாங்க, கரைய விட்டு உள்ள தள்ளி, கால்வாய் இல்லாத இடமா பாத்து."

"எத்தன நாளைக்கு?"

"நாள் கணக்கு சொல்லல."

லௌரிட்ஸ் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "உனக்கு ஒரு பாட்டு வேணும்னா நீயே ஒண்ணு..."

"எனக்கு நானே எழுதிக்கணுமா? என்ன பேச்சு பேசறீங்க லௌரிட்ஸ்!" குழாய் ஒன்று தொட்டியில் விழுந்து உடைந்தது. "இந்தத் தீவுல மாட்டு வைத்தியருக்குப் பாட்டு இருக்கு. போன வருஷம் வந்த தபால்காரனுக்குப் பாட்டு இருக்கு. அம்பது வருஷத்துல ஒரே ஒரு தடவ, யாராவது என் மூஞ்சியப் பாத்து நாலு வரி பாடினா போதும்னு நினைச்சேன். முடியாதுன்னு எனக்கும் தெரியும், சட்டம் அப்படி. அதனால நான் போறேன்."

அன்று சாயங்காலமே ஊர்ச்சபை கூடியது. தலைநகரத்திலிருந்து நல்ல கவிஞர் ஒருவரைப் பிடித்து எழுதி வாங்கலாம் என்று ஹோல்கர் சொன்னார், வடக்குக் கரைக்கும் ஆபத்தில்லை. கூடம் முழுக்க ஒரே குரலில் வேண்டாம் என்றது. அவள் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தது அந்தக் கவிஞருக்குத் தெரியுமா, கஞ்சி வைத்தால் எப்போதும் அடிபிடிக்க விட்டுவிடுவாள் என்பது தெரியுமா? அவளைத் தெரியாதவன் எழுதுவது பாட்டா! அப்படியானால் நாம்தான் எழுத வேண்டும் என்றேன் நான். எல்லோரும் கடைசி பெஞ்சைப் பார்க்காமல் பார்த்தோம். அங்கே செவரின் ப்ராஸ்க் புகைக்குழாய் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா எல்லாரும் என் மூஞ்சியையே பாக்கறீங்க?" என்றார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொம்பதுல எங்க வெள்ளிவிழாவுக்கு அவ எழுதின பாட்ட என் பொண்டாட்டி கிறிஸ்டியானே சாகிற வரைக்கும் தலகாணிக்கு அடியில வச்சிருந்தா. விழாவுக்கு அப்புறம் அவ இருந்தது பன்னெண்டே நாள். கடைசி ரெண்டு நாள் பேச்சில்ல, அந்தக் காகிதத்தத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டிருந்தா. அது இப்ப என் தலகாணிக்கு அடியில இருக்கு." குழாயைத் தட்டிச் சாம்பலைக் கொட்டினார். "எழுதுங்க. போனா வயல்தானே. முதல் சரணம் நான் எழுதறேன், அத வேற எவனும் தொடக் கூடாது."

மூன்று மாதம் எழுதினோம். வீட்டுக்கு ஒரு சரணம் என்று ஆரம்பித்து, விட்டுக்கொடுக்க மாட்டாதவர்கள் சேர்ந்து சேர்ந்து பத்தொன்பது ஆயிற்று. வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நாங்கள் எந்த வேலையும் செய்ததில்லை. ஏர் உழுகிற கை பேனாவைப் பிடித்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. செவரினின் சரணம், பெத்ரேயா பெத்ரேயா பால் சோதிப்பாள், மழை வந்தால் குடை எடுப்பாள் என்று போகும். ஹோல்கருடையது வழக்கம்போல நட்சத்திரத்தை நட்சத்திரம் என்றது. பதினோராவது என்னுடையது, சைக்கிளில் போனாள் பள்ளத்தில் விழுந்தாள், எழுந்தாள் துடைத்தாள் மறுபடி ஏறினாள். அதைப் பற்றி எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஒத்திகை பார்க்கத்தான் வழியில்லை, வாயைத் திறந்தால் கடல் வந்துவிடும். அதனால் எல்லோரும் சமையலறையில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துப் பழகினோம். மெட்டில் எந்த அசை எங்கே விழும் என்று ஒருவருக்கும் தெரியாமலேயே மே பதினாலு வந்தது.

நாலு மணிப் படகில் போகப் பெட்டியோடு அவள் கரைக்கு வந்தாள். என்ஜின் பழுது என்றேன். படகோட்டியாக இருந்த முப்பது வருஷத்தில் நான் சொன்ன ஒரே பொய். சரியாகும்வரை விடுதியில் ஒரு காபி குடித்துவிட்டு வா என்று கூட்டிப்போனேன். விடுதிக் கூடத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள், தீவில் மொத்தமே அவ்வளவுதான். தட்டுக்குத் தட்டு சிவப்பு வெள்ளை நாடா கட்டிய காகிதச் சுருள். ஒன்றைப் பிரித்தாள். நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. முப்பது வருஷம் கவிதை எழுதியவளுக்கு எத்தனை முழம் போகும் என்று கணக்குப் போடத் தெரியாதா?

"இதப் பாடாதீங்க," என்றாள். "லௌரிட்ஸ், சொல்லுங்க. எல்லாத்தையும் திருப்பி வாங்குங்க. செவரினோட வயல் இருக்கு."

செவரின் கரண்டியால் ஸ்னாப்ஸ் சாராயக் கோப்பையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "உக்காரு பெத்ரேயா. பிறந்தநாள்காரி வாயத் திறக்கக் கூடாது, அது தெரியாதா உனக்கு?"

பாடினோம். கல்யாண மெட்டில் ஆரம்பித்து, மூன்றாவது சரணத்தில் ஆளுக்கொரு மெட்டாகி, ஐந்தாவதில் மறுபடி சேர்ந்தோம். ஆறாவது சரணத்தில் வடக்கே கடலின் சத்தம் கேட்டது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், செவரின் பார்க்கவில்லை. ஒன்பதாவதில் வேலி போயிற்று, அது முறியும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்காதபடி இன்னும் உரக்கப் பாடினோம். பதினோராவதில் அவள் சிரித்துவிட்டாள் என்பதை நான் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். பதினான்கில் அழுதாள், காது இரண்டும் சிவந்திருந்தன, ஒருமுறைகூடத் தலையைக் குனியவில்லை. பத்தொன்பதாவது சரணத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரே பாராட்டுச் சொல்லை விட்டுவிட்டு, தெரியாத சொல் ஒன்றைப் போட்டிருந்தோம். நீ எங்கள் பெருமை என்று போட்டிருந்தோம். முந்நூறு பேர் அதை அவள் முகத்தைப் பார்த்தே சொன்னோம். பிறகு ஒன்பது ஹுர்ரா. நாலு மணிப் படகு அன்று போகவில்லை, அதற்குப் பிறகு அவளை ஏற்றிக்கொண்டும் போகவில்லை.

மறுநாள் காலையில் எல்லோரும் வடக்கே போனோம். இருநூற்று அறுபது முழம் போயிருந்தது. வயல் முழுசும், கிழங்குக் கொட்டகையும், ஒரு கலப்பையும் இல்லை. பிறைபோல வளைந்து தண்ணீர் நின்றது, அலை இல்லாமல். செவரின் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஹோல்கரின் நட்சத்திரம்தான் கலப்பையைக் கொண்டுபோயிருக்கும் என்றார். பெத்ரேயாவோ, எனக்கு ஒரு மாசம் கொடுங்கள், ஒரு பிடி மண் குறையாமல் இங்கேயே திருப்பி வரவைக்கிறேன், மேற்கே வருவதை வடக்கே திருப்ப முடியாதா என்ன, என்றாள்.

"கைய வச்சே, நடக்கிறது வேற," என்றார் செவரின். "குடுத்தத யாராவது திருப்பி வாங்குவாங்களா?"

அந்தக் குளிர்காலத்தில் அவள் எழுதியவற்றுக்கு மேற்கே வந்த நிலத்தில் முதல் பங்கை ஊர்ச்சபை செவரினுக்குக் கொடுத்தது. பழைய வயலைவிடப் பெரியது, ஒரு கல் கிடையாது. அங்கே விளையும் கிழங்கில் ருசி இல்லை என்று சாகும்வரை குறை சொல்லிக்கொண்டிருந்தார். வடக்கே உண்டான வளைவு நல்ல ஆழம், எந்தக் காற்றுக்கும் அசையாது, அதுவரை துறைமுகம் இல்லாத தீவுக்கு அதுவே துறைமுகம் ஆயிற்று. நில அளவையாளர் மறுபடி வந்து அதற்குப் பெயர் கேட்டார். பெத்ரேயாவின் பாட்டு என்றோம், வரைபடத்தில் அப்படியே எழுதிக்கொண்டார். அதற்குள் அவர் காரணம் கேட்பதை நிறுத்தியிருந்தார்.

பெத்ரேயா எண்பத்தோரு வயது வரை இருந்தாள். இன்னும் ஏழு புத்தகம், இரண்டு பரிசு, நாணயத்தில் போடுவதற்காக முகத்தை வரைய வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பியது, எல்லாம் நடந்தது. கடைசிப் புத்தகத்துக்காக அவள் எழுதிய ஒரு கவிதையைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். அப்போது அவளுக்கு எழுபத்தாறு வயது. நாங்கள் துறைமுகத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தோம். அவள் படகுத்துறைக் கல்லில் உட்கார்ந்து, அது எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். முதல் வரிக்கே வேலையை நிறுத்திவிட்டோம். அப்படி ஒன்றை அதுவரை யாரும் கேட்டதில்லை, என்னால் அதைத் திருப்பிச் சொல்ல முடியாது. இரண்டாவது வரி முடியும்போது, எப்போதும் மேற்கே வருகிற நிலம் அன்று அவள் கண்ணுக்கு எதிரேயே, வளைவின் வாயில் வெள்ளை மணலாக எழும்பியது. மூன்றாவதும் நான்காவதும் படித்திருந்தால் துறைமுகத்தின் வாய் அடைபட்டிருக்கும். அவள் நிறுத்தினாள். மணலைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள். அதுவரை எழுதியதிலேயே இதுதான் நல்லது என்று எங்களிடம் சொன்னாள், அவள் தன் கவிதையைப் பற்றி அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டது அந்த ஒருமுறைதான். பிறகு அதை நாலாகக் கிழித்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, காபி வைத்திருக்கிறேன், வாருங்கள் என்றாள்.

கோபன்ஹேகனில் அந்தக் கவிதையைப் பற்றி யாருக்கும் தெரியாது, புத்தகங்களிலும் இல்லை. முதல் இரண்டு வரிகள் அளவுக்கு மணல்திட்டு வளைவின் வாயில் இன்னும் இருக்கிறது. உள்ளே வரும் படகுகள் அதற்கு இடப்பக்கமாக ஒதுங்கி வருகின்றன.